மூன்று நாடுகளைப் பற்றிக் கேட்டு நடந்தவர்

சென்ற வாரம் வியாழக்கிழமை காலை, சேலத்தில் என் வீட்டு வாசலில் குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. திரையில் ‘இருசாயி அம்மா ஏற்காடு’ என்று தெரிந்தது. ஏழெட்டு மாதங்களாக அந்த எண்ணிலிருந்து அழைப்பே வந்ததில்லை. குடத்தை நகர்த்திவிட்டு எடுத்து, “சொல்லுங்கம்மா, எப்படி இருக்கறீங்க?” என்றேன். மறுமுனையில் வேறொரு பெண்ணின் குரல் கேட்டது.

“சார்ங்களா? நான் பக்கத்து ஊட்டுத் தங்கமணி பேசறனுங்க. இருசாயி அக்கா போயிருச்சுங்க. காத்தால நேரமாகியும் கதவு தொறக்கலையேன்னு போய்ப் பாத்தா, படுத்த வாக்குலயே போயிருக்குதுங்க.”

குழாயை மூடினேன். அவரே தொடர்ந்தார்.

“போன்ல மொத்தமே ஆறு நம்பருதானுங்க இருந்துச்சு. ஒவ்வொண்ணா அடிச்சேன். ரெண்டு நம்பரு இல்லைன்னு வருது. மத்தவங்க எடுக்கலைங்க. நீங்கதானுங்க எடுத்தீங்க.”

வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குக் கிளம்பினேன். அன்று பிற்பகலே அடக்கம் முடிந்தது. இதை எழுதும்போது எட்டு நாள் ஆகியிருக்கிறது. இருசாயி அம்மாளை நன்றாக அறிந்தவர்கள் மிகச் சிலர். வாசலில் ஒரு முறை பார்த்துப் பேசிவிட்டு மறந்துபோனவர்கள் பல நூறு பேர். அந்த இரு சாராருக்கும், அவரைப் பார்த்தே இராதவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். இதில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதும் உண்டு. அதை விட்டுவிட்டு எழுதினால் அவருக்குச் செய்த அஞ்சலியாக இராது.

நான் மக்கள் கருத்தைக் கேட்டுத் தொகுக்கும் ஒரு நிறுவனத்தில் சேலம் பகுதியின் மேற்பார்வையாளனாக வேலை பார்த்தேன். வீடு வீடாகச் சென்று கேள்விகளைக் கேட்டு, பதில்களை நிறுவனம் கொடுத்த டேப் என்னும் கைக்கணினியில் பதிவு செய்து அனுப்புவது எங்கள் களப்பணியாளர்களின் வேலை. சோப்பு, செல்போன், குடிநீர், தேர்தல் என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் கேட்போம். ஓர் ஆண்டு, அப்படியொரு ஆய்வுக்காக ஏற்காட்டு மலைக்கு ஆள் தேவைப்பட்டது. பயிற்சிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரி முடித்த இளைஞர்கள். அவர்களுக்கு நடுவே, ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள், சேலத்து மதிய வெயிலிலும் சுவெட்டரைக் கழற்றாமல் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர்தாம் இருசாயி அம்மாள்.

அந்த ஆய்வின் கடைசிப் பகுதி வெளிநாடுகளைப் பற்றியது. அமெரிக்காவைப் பற்றி உங்கள் எண்ணம் என்ன? மிக நல்லது, ஓரளவு நல்லது, ஓரளவு மோசம், மிக மோசம். இதே கேள்வி ரஷ்யாவுக்கு. இதே கேள்வி சீனாவுக்கு. பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து வந்திருந்த எங்கள் திட்டத் தலைவர் வேகமாகச் சொல்லிக்கொண்டு போனார். இருசாயி அம்மாள் கையை உயர்த்தினார்.

“ஏனுங்க சார், ஒருத்தரு மூணு நாடும் நல்லதுன்னு சொன்னா என்னங்க பண்றது?”

“மூணுக்கும் நல்லதுன்னு தட்டுங்க. ஒவ்வொண்ணும் தனிக் கேள்விம்மா.”

“அப்ப சரிங்க. சண்டைக்காரங்கன்னா யாராச்சும் ஒருத்தரு பக்கம்தான் நிக்கோணுமோன்னு கேட்டேன்.”

இளைஞர்கள் சிரித்தார்கள். திட்டத் தலைவரும் சிரித்தார். எனக்கும் அது வெகுளித்தனமான கேள்வியாகத்தான் அன்று பட்டது.

அவருடைய பாட்டனார் காலத்தில் கீழ்நாட்டிலிருந்து காப்பித் தோட்ட வேலைக்காக மலையேறிய குடும்பம் அவருடையது. எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் பிறந்து, ஏற்காட்டிலேயே பத்தாம் வகுப்பு வரை படித்துத் தேறினார். காப்பிக் கொட்டை பொறுக்கும் ஷெட்டில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தார். திருமணமான ஆறாம் வருடம் கணவர் குடகுப் பக்கத்து எஸ்டேட்டில் கூலி அதிகம் என்று போனவர் திரும்பவில்லை. இறந்துபோனாரா, அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டாரா என்பது கடைசி வரை தெரியவில்லை. குழந்தை இல்லை. பெற்றோர் காலமான பிறகு லைன் வீட்டைக் காலி செய்துகொடுத்துவிட்டு, கடைவீதிக்கு மேலே, தகரம் போட்ட ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்.

பயிற்சி முடிந்த அன்று, மலைமேல் அலைய வேண்டியிருக்குமே, இந்த வயதில் இது எதற்கு என்று நான் கேட்டேன். அவர் மறைக்காமல் சொன்னார்.

“ஊட்டுல பேசறதுக்கு ஆளில்லைங்க சார். ஷெட்டுல மிசினு வந்தப்பறம் அங்கயும் ஆளில்லை. இந்த வேலையில தினம் ஆறேழு பேராச்சும் கதவத் தொறந்து எங்கிட்டப் பேசுவாங்கல்ல. அதுக்குத்தானுங்க வந்தேன்.”

மேற்பார்வையாளர் என்ற முறையில் முதல் மாதத்தில் ஒரு நாள் அவருடன் செம்மநத்தம் கிராமத்துப் பக்கம் போனேன். பேருந்திலிருந்து இறங்கி நெடுந்தூரம் நடந்தோம். அவர் முன்னால் போனார். வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் இரண்டு வார்த்தை பேசினார். பட்டியலில் இருந்த வீட்டுக்காரர் மிளகுக் கொடிகளுக்கு நடுவில் வேலையாக இருந்தார். அவர் கையை அலம்பிக்கொண்டு வரும்வரை இருசாயி அம்மாள் கல்லின் மேல் உட்கார்ந்து காத்திருந்தார். எங்கள் இளைஞர்கள் கேள்வியைப் படிப்பார்கள். பதில் வருமுன்பே இரண்டு மூன்று விடைகளை எடுத்துக் கொடுப்பார்கள். இருசாயி அம்மாள் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். அந்த மௌனம் எனக்கே சங்கடமாக இருந்தது.

“அமெரிக்காவைப் பத்தி என்னங்க நெனைக்கறீங்க?”

விவசாயி வெகுநேரம் யோசித்தார். “மோசமுங்க. மிக மோசம்னே போடுங்க.”

“ரஷ்யாங்க?”

“அதுவும் அப்படித்தான்.”

“சீனா?”

“ஏனுங்கம்மா, நீங்க ஒவ்வொண்ணாக் கேக்கறீங்க. எனக்கு மூணும் ஒண்ணுதானுங்க. பெரிய ஆளுக அடிச்சுக்கறாங்க. இங்க உரமும் டீசலும் ஏறுது. இதுல ஒருத்தன் ஒசத்தி, ஒருத்தன் தாழ்த்தின்னு நான் எப்படிங்க சொல்றது?”

இருசாயி அம்மாள் மூன்று கட்டங்களிலும் ‘மிக மோசம்’ என்று தட்டினார். பிறகு பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, அந்த விவசாயி சொன்ன காரணத்தை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிக்கொண்டார். டேப்பில் காரணம் எழுத இடமில்லை. கடைசியில் ‘குறிப்பு’ என்று சிறிய கட்டம் ஒன்று உண்டு. எழுதினாலும் எழுதலாம், விட்டாலும் விடலாம். ஆகவே எல்லோரும் விட்டுவிடுவோம். நோட்டு எதற்கு என்று கேட்டேன்.

“அவரு சொன்னதுல பாதியத்தானுங்க இந்த டேப்பு வாங்கிக்குது. மீதியக் கீழ போட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?”

திரும்பி வரும் வழியில் நோட்டின் பழைய பக்கங்களைக் காட்டினார். எஸ்டேட் லைனில் ஒரு பெண்மணி மூன்று நாட்டுக்கும் ‘ஓரளவு நல்லது’ என்று சொல்லியிருந்தார். பார்க்காத மனிதர்களை எப்படிக் கெட்டவர்கள் என்று சொல்வது என்பது அவர் கொடுத்த காரணம். கடைவீதியில் விடுதி நடத்தும் ஒருவர் மட்டும் அமெரிக்காவைத் தூக்கி வைத்து, மற்ற இரண்டையும் திட்டித் தீர்த்திருந்தார். அடுத்த தெருவில் இன்னொருவர் அதையே தலைகீழாகச் சொல்லியிருந்தார்.

“டி.வி.யில வாக்குவாதம் பாக்கறவங்க ஒண்ணத் தூக்குனா இன்னொண்ண எறக்கிடறாங்க சார். மத்தவங்க அப்படிப் பாக்கறதில்லைங்க. பிடிச்சா எல்லாத்தையும் பிடிக்குது. வெறுத்தா எல்லாத்தையும் வெறுக்கறாங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்” என்றார். அது சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் எங்கள் அலுவலகத்தில் எவரும் அப்படியொரு கோணத்தில் பேசி நான் கேட்டதில்லை.

வெள்ளக்கடையில் ஜீப் மெக்கானிக் செல்வத்தின் வீடும் அவர் பட்டியலில் இருந்தது. செல்வத்தின் மகள் ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தார். படிப்புக்கு உதவி செய்தவர் அமெரிக்காவில் வேலை பார்க்கும் தாய்மாமன். செல்வம் மூன்று நாட்டுக்கும் ‘மிக நல்லது’ என்று சொன்னார். “படிக்க வெக்கறது அமெரிக்கா, சொல்லிக் குடுக்கறது ரஷ்யா, தினம் புள்ள மூஞ்சியக் காட்டற போனு சீனாக்காரன் செஞ்சதுங்க. இதுல நான் யாரைத் திட்டறது?” என்று அவர் சொன்னதை இருசாயி அம்மாள் நோட்டில் எழுதிவைத்து, எனக்குப் போனிலும் படித்துக் காட்டினார். அன்று அவர் குரலில் இருந்த உற்சாகம் இப்போதும் நினைவிருக்கிறது. ஒரு நல்ல செய்தி கிடைத்தால் சொல்வதற்கு அவருக்கு அப்போது நான் ஒருவன் இருந்தேன்.

இப்படி நான்கு மாதங்கள் போயின. ஒரு நாள் சென்னையிலிருந்து திட்டத் தலைவர் அழைத்தார். எந்தப் பணியாளரின் பதில்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி இருக்கின்றனவோ, அவர் பெயரைக் கணினி தனியே எடுத்துக் காட்டும். வேலை செய்யாமல் உட்கார்ந்த இடத்திலேயே தட்டிவிடுபவர்களைப் பிடிக்க அது ஒரு வழி. அதில் இருசாயி அம்மாளின் பெயர் வந்திருந்தது.

“வீட்டுக்குப் போயிருக்காங்க, அது தெரியுது. ஆனா உக்காந்து கதை பேசிட்டு, கடைசியில மூணு நாட்டுக்கும் ஒரே பதிலைத் தட்டியிருக்காங்க. அமெரிக்காவைப் பிடிச்சவனுக்குச் சீனாவையும் ரஷ்யாவையும் பிடிக்குமா மாதேஸ்? ஒண்ணு ஏறினா இன்னொண்ணு இறங்கணும். நீங்க போய்ச் செக் பண்ணுங்க. அவங்களுக்குத் தெரிய வேண்டாம்.”

அப்படி மறுவிசாரணைக்குப் போவது என் வேலையின் ஒரு பகுதி. முதல் பேருந்தில் மலையேறினேன். பட்டியலிலிருந்து எட்டு வீடுகளைப் பொறுக்கி எடுத்திருந்தேன். ஏற்காட்டில் இறங்கி வெள்ளக்கடைக்கு வண்டி பார்த்துக்கொண்டு நின்றபோது, காய்கறிப் பையோடு இருசாயி அம்மாள் எதிரே வந்துவிட்டார்.

“ஏனுங்க சார், இந்தப் பக்கம்? சொல்லவே இல்லை?”

“ஒரு கல்யாணமுங்கம்மா. சொந்தக்காரங்க.”

அவர் பார்வை என் தோள் பைக்குப் போனது. டேப்பின் நீல உறை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் பையைப் பின்னால் தள்ளினேன்.

“சாப்பிட்டீங்களா? ஊடு பக்கந்தான். வந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க.”

“நேரமாச்சுங்கம்மா.”

“செக்கிங்னா செக்கிங்னு சொல்லலாமுங்க சார். எனக்கு என்ன பயம்? நீங்க போய்ப் பாருங்க” என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். கோபத்தோடு சொன்னதாகத் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

எட்டு வீடுகளிலும் அவரை நினைவு வைத்திருந்தார்கள். ஏழு வீடுகளில் அன்று சொன்ன பதில்களையே திரும்பவும் சொன்னார்கள். செல்வத்தின் வீட்டில் மட்டும் மாறியது. நான் பேச்செடுத்ததுமே அவர் வெடித்துவிட்டார். இடையில் ரஷ்யா பக்கத்து நாட்டோடு போரில் இறங்கியிருந்தது. அமெரிக்கா விதித்த தடையால், அங்கிருந்து மாமன் அனுப்பும் பணம் ரஷ்யாவுக்குப் போய்ச் சேரவில்லை. மகள் விடுதி அறையில் மாட்டிக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பவும் வழி தெரியவில்லை.

“அவன் பணத்த உடமாட்டேங்கறான், இவன் சண்டைய உடமாட்டேங்கறான். இதப் பாத்துட்டு அந்தச் சீனாக்காரன் சும்மா உக்காந்திருக்கான். மூணு பேருமே மிக மோசமுங்க. எழுதிக்கோங்க. எம்புள்ள அங்க ரொட்டிய நனைச்சுத் தின்னுட்டுக் கெடக்குது.” அவர் மனைவி உள்ளே அழுதுகொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

அன்று மூன்றும் நல்லது. இன்று மூன்றும் மோசம். இருசாயி அம்மாள் சொன்னது எவ்வளவு உண்மை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆனால் என் டேப்பில் இருந்தவை இரண்டே கட்டங்கள்: பொருந்துகிறது, பொருந்தவில்லை. செல்வத்தின் பெயருக்கு நேரே மூன்று முறை ‘பொருந்தவில்லை’ என்று தட்டினேன். கீழே குறிப்புக் கட்டம் இருந்தது. நான்கரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று அதைக் காலியாக விட்டேன். இறங்கும் வழியில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றியது, எழுதவில்லை. வீட்டுக்குப் போனதும் அப்படியே அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து, இனி அவருக்கு வேலை இல்லை என்று அவர் போனுக்கு ஒரு செய்தி போயிற்று. மறுநாள் காலை அவர் சேலம் அலுவலகத்துக்கு வந்தார். நோட்டுகளை ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார். திட்டத் தலைவரைப் போனில் பிடித்து, இருவரும் கேட்கும்படி போனை மேசையின் மேல் வைத்தேன்.

“மூணு நாட்டையும் எல்லாரும் ஒரே மாதிரி சொல்வாங்களாம்மா? நம்புற மாதிரியா இருக்கு?”

“நம்பறது நம்பாதது உங்க பாடுங்க சார். கேக்கறதுதானுங்க என் வேலை. கேட்டு, சொன்னதத்தான் தட்டுனேன்.”

“அந்த மெக்கானிக் வீட்டுல மூணு பதிலும் தப்பா வந்திருக்கே?”

“அது அவரு மாறுனதுங்க. நான் மாத்துனது இல்லை. எதனால மாறுனாருன்னு செக்கிங் போனவங்கதான் சொல்லோணும்.”

அவர் என்னைப் பார்த்தார். போனுக்கு அந்தப் பக்கம் திட்டத் தலைவரும் காத்திருந்தார். நான் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிடப் பேச்சு. குறிப்பை எழுதாமல் விட்டது என் பிழை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். அடுத்த ஆய்வுக்கு என்னை மேற்பார்வையாளராக வைத்துக்கொள்வார்களோ மாட்டார்களோ என்ற யோசனை வேறு. மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை, இன்றும் இல்லை.

இருசாயி அம்மாள் நோட்டுகளைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அவற்றை எவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. “போயிட்டு வாறனுங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அதன் பின் ஒன்றரை வருடம் அவரை நான் பார்க்கவில்லை. ஏரிப் பக்கத்து விடுதி ஒன்றில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கும் வேலையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். விருந்தாளிகள் வெளியே போன பிறகு அறைக்குள் போக வேண்டும். அவர்கள் திரும்பி வருவதற்குள் வெளியேறிவிட வேண்டும். நாள் முழுக்க ஒரு மனிதரோடும் பேசத் தேவையில்லாத வேலை. தன்னோடு பேச ஆள் வேண்டும் என்பதற்காகவே ஒரு வேலையைத் தேடி வந்தவரை அங்கே கொண்டு நிறுத்தியது நான் வாய் திறக்காததுதான். அந்த நாள்களில் மலைக்குப் போனபோதெல்லாம் ஏரிப் பக்கம் போகாமல் திரும்பினேன்.

பிறகு ஒரு நாள் திட்டத் தலைவரே அழைத்தார். வேறொரு மலைப்பகுதியில், வேறு பணியாளர்கள் எடுத்த பதில்களும் அதே மாதிரி வந்திருந்தனவாம். பழையவற்றை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். “ஒரு நாட்டை நல்லதுன்னு சொல்றவங்கள்ல நிறையப் பேரு அதோட எதிரியையும் நல்லதுன்னுதான் சொல்றாங்க மாதேஸ். நாமதான் தராசு மாதிரி நினைச்சுட்டோம். அந்த ஏற்காட்டு அம்மாவைக் கூப்பிட்டு மறுபடி சேத்துக்கங்க” என்றார். அவர் அளவில் அது நேர்மையான பேச்சு. போனில் சொன்னால் போதும் என்றார். நான் நேரில் போனேன்.

தகர அறையின் வாசலில் அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். மூச்சு வாங்கியது. என்னைக் கண்டதும் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “வாங்க சார், உள்ள வாங்க” என்றார். காப்பி போட்டுக் கொடுத்தார். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு கேட்டார்.

“அன்னிக்குச் செல்வம் எதனால மாறுனாருன்னு உங்ககிட்டச் சொன்னாருங்களா?”

“சொன்னாருங்கம்மா.”

“எழுதுனீங்களா?”

“இல்லைங்க.”

“எனக்குத் தெரியுமுங்க சார். செக்கிங் சாருகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்னு அவரே அன்னிக்குச் சாயங்காலம் எங்கிட்ட வந்து சொன்னாரு. அதத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் உங்க ஆபீசுக்கு வந்தேன். நீங்க சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்.”

“தப்புப் பண்ணிட்டேங்கம்மா. மன்னிச்சுக்கோணும்.”

அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. செல்வத்தின் மகள் எப்படியோ ஊர் திரும்பி, இங்கேயே ஏதோ படிக்கிறாள் என்று மட்டும் சொன்னார். பிறகு என் பையைக் காட்டி, “டேப்பு கொண்டாந்திருக்கீங்களா?” என்றார்.

“இருக்குதுங்க.”

“அப்ப என்னையக் கேளுங்க. இத்தன பேரக் கேட்டிருக்கறேன். என்னைய யாரும் கேட்டதில்லை.”

கட்டிலின் ஓரத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் முறைப்படி கேள்வியைப் படித்தேன். முதல் முறையாக, விடைகளை எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தேன். அமெரிக்காவுக்கு ‘ஓரளவு நல்லது’ என்றார். ரஷ்யாவுக்கும் அதையே சொன்னார். சீனாவுக்கும் அதுவே.

“ஏனுங்கம்மா மூணும் ஒண்ணா இருக்குது?”

“எனக்கு அவங்க யாரையும் தெரியாதுங்க சார். இன்ன ஊட்டுல என்ன சொல்லுவாங்க, நாயை அவுத்து உடுவாங்களான்னு தெரியாமத்தான ஒவ்வொரு ஊட்டுக்கும் போனேன்? தெரியாதவங்க மேல கொஞ்சம் நல்ல எண்ணம் வெச்சாத்தானுங்க கதவத் தட்ட முடியும். அது நாடுன்னாலும் ஒண்ணுதான், ஊடுன்னாலும் ஒண்ணுதான். ‘மிக நல்லது’ன்னு சொல்ற அளவுக்கு எனக்கு ஆரும் எதும் செய்யலைங்க. அதனால ஓரளவு.”

அவர் சொன்னதை அப்படியே குறிப்புக் கட்டத்தில் எழுதினேன். ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த பட்டியலில் இல்லாத ஒருவரின் பதிலை அனுப்ப விதி இடம் தராது. ஆகவே அது அனுப்பப்படவில்லை. அடுத்த ஆய்வுக்காக டேப்பைக் காலி செய்தபோது அழிந்தும் போனது. என் நினைவிலிருந்து இங்கே எழுதுகிறேன்.

விடுதி வேலையை விட்டுவிட்டு அவர் மீண்டும் எங்களிடம் வந்தார். கடைவீதியும் வெள்ளக்கடையும் முடித்தார். செம்மநத்தத்துக்குப் போக வேண்டிய வாரத்தில் அழைத்தார். “மேடு ஏறுனா நொம்ப மூச்சு வாங்குதுங்க சார். மீதிய வேற ஆளுக்குக் குடுத்துருங்க” என்றார். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். போகிறேன் என்றார். அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன் என்று நானும் சொன்னேன். ஏழெட்டு மாதங்கள் ஓடின. நான் போகவில்லை. அதற்கும் பெரிய காரணம் ஒன்றுமில்லை. அவர் உள்ளூரில் இருப்பவர், எப்போது போனாலும் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான்.

வியாழக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது, தங்கமணியும் அவர் கணவரும், வீட்டு உரிமையாளரும் அவர் மகனும், விடுதியில் உடன் வேலை செய்த இரண்டு பெண்களும் இருந்தார்கள். குடகுக்குத் தகவல் அனுப்ப ஒரு முகவரி இல்லை. கொள்ளி வைப்பதா, புதைப்பதா என்று கேட்டு முடிவு சொல்லவும் சொந்தம் இல்லை. அவர் பெற்றோர் கிடக்கும் இடத்திலேயே புதைத்துவிடலாம் என்று வீட்டு உரிமையாளர் சொன்னார். நான்கு பேர் தூக்கினோம். தோளில் கனமே தெரியவில்லை. பனிமூட்டம் இறங்கியிருந்ததால் குழிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களின் முகம் எனக்குத் தெரியவில்லை. ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டோம். இரண்டு பெண்களும் மாலை வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு ஓடினார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

நான் இடுகாட்டுப் பாதையின் வளைவு வரை வந்து பேருந்துக்காக நின்றேன். விறகுக் கட்டோடு ஒரு பெண்மணி மேலே ஏறி வந்தார். என்னைக் கண்டு கட்டை இறக்கி வைத்துவிட்டு, “ஆருங்க போனது?” என்று கேட்டார். சொன்னேன். ஆய்வுக்கு வருவாரே, சுவெட்டர் போட்டுக்கொண்டு, நோட்டு வைத்திருப்பாரே என்று சொன்னதும் அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது.

“அட சாமி, அந்தம்மாவா! எங்கூட்டுக்கு வந்திருக்குதுங்க. அந்த நாடு எப்படி, இந்த நாடு எப்படின்னு எங்கிட்டக் கேட்டுச்சு. எங்கூட்டுக்காரரு, அவளுக்கு என்ன தெரியும், நான் சொல்றேன் எழுதிக்கன்னாரு. ‘உங்களக் கேக்கலீங்க, இவங்களத்தானுங்க கேக்கறேன்’னு சொல்லிட்டு, நான் வாயத் தொறக்கற வரைக்கும் உக்காந்திருந்துச்சு. நான் என்ன நெனைக்கறேன்னு அதுக்கு முன்னயும் ஆரும் கேட்டதில்லை, அப்பறமும் கேட்டதில்லைங்க.”

அவர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நான் வந்த பாதையை எட்டிப் பார்த்தார்.

“துக்கம் விசாரிக்கோணுமே. அந்தம்மாளுக்கு ஆருங்க இருக்கறாங்க? ஆருகிட்டப் போய்க் கேக்கறது?”

நான் அந்தப் பாதையைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே எவரும் இல்லை.

“எங்கிட்டக் கேளுங்கம்மா” என்றேன்.

அவர் கிட்டே வந்து என் இரு கைகளையும் தன் கைகளுக்குள் வாங்கிக்கொண்டார். விறகின் செதில் ஒட்டிய, குளிர்ந்த கைகள். “மனசத் தேத்திக்கோங்க” என்றார். நான் சாலை ஓரத்திலேயே உட்கார்ந்தேன். பேருந்து வரும்வரை அவர் விறகைத் தூக்காமல் என் பக்கத்தில் நின்றார்.

இருசாயி அம்மா, உங்கள் துக்கத்தை விசாரிக்க ஒருவர் வந்தார். அதை உங்களுக்குத் தெரிவித்துவிட்டு விடைபெறுகிறேன்.